விற்ற மாடல் கார் மனதை விட்டுப் போகவில்லை: வாங்கியவரிடம் விசாரிக்கலாமா?

மஞ்சள் சிட்டி (சாட்ஸ்வொர்த், டர்பன்)

எல்லாருக்கும் வணக்கம். போன வருடம் என் ஆர்.சி. வண்டிகளில் (ரிமோட்டில் ஓடும் மாடல் கார்கள்) பெரும்பகுதியை விற்றுவிட்டேன். வீடு மாறினோம், புது வீட்டில் பட்டறைக்கு இடமில்லை. விலையும் நியாயமாகத்தான் கிடைத்தது. மற்ற வண்டிகளை அப்புறம் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஒன்று மட்டும் மனதிலேயே நிற்கிறது.

தாமியா கம்பெனியின் எம்-05 சேஸி, மேலே முதல் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் கார் பாடி. அதை நம்ம ஊர் சிட்டி கோல்ஃபாக ஆக்கியிருந்தேன். தென்னாப்பிரிக்காவில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் காரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 1984இலிருந்து 2009 வரை யூட்டன்ஹேக் ஆலையில் ஓடிய வண்டி. முதலில் வந்தபோது சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்றே நிறம். அப்பாவிடம் இருந்தது மஞ்சள். நான் ஓட்டக் கற்றுக்கொண்டதும் அதில்தான். மாடலையும் அதே மஞ்சளில் செய்ய வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

பாலிகார்பனேட் பாடி கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக், அதற்குப் பெயிண்ட் உள்பக்கமாகத்தான் அடிப்போம். ஜன்னல்களுக்கு உள்ளே பெயிண்ட் படாமல் மறைக்கிற மாஸ்க் ஒட்டி, மஞ்சளை மெல்லிய பூச்சாக ஒன்றன்மேல் ஒன்றாக விட்டு, கடைசியில் பின்னால் வெள்ளை. வெள்ளை இல்லாவிட்டால் மஞ்சள் அழுக்காகத் தெரியும். வெளிப்பக்கத்துப் பாதுகாப்பு ஃபிலிமை உரிக்கிற அந்த ஒரு நொடி இருக்கிறதே, அதுவரை என்ன வந்திருக்கிறது என்றே தெரியாது. உரித்தேன். அப்பாவின் கார் நிறம் அப்படியே வந்து நின்றது. அப்பாவும் பக்கத்தில்தான் இருந்தார். ஒன்றும் பேசவில்லை, கையில் வாங்கிக் கூரையைத் தடவிப் பார்த்தார். இப்போது அவர் இல்லை.

விஷயம் இதுதான். வாங்கியவர் ஜோஹனஸ்பர்க் பக்கத்து இளைஞர். ஆர்.சி. குழு ஒன்றில் படம் போட்டிருக்கிறார். சக்கர வளைவுகளை அகலமாக வெட்டி, முழுக்கக் கறுப்பு அடிக்கப் போகிறாராம். பணம் வாங்கியாயிற்று, வண்டி அவருடையது. ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து இரவு தூக்கம் சரியில்லை. அவரிடம் பேசலாமா? பாடியை மட்டும் திருப்பித் தருகிறீர்களா என்று கேட்பது முறையா? நீங்கள் விற்ற வண்டிகளை நீங்கள் எப்படி மறந்தீர்கள்?

ஹார்னெட் அண்ணன் (லெனேசியா)

தம்பி, என் அபிப்பிராயம்: கேட்காதே.

காரணம் சொல்கிறேன். நான் பள்ளியில் படிக்கும்போது தாமியா ஹார்னெட் வைத்திருந்தேன். 1984இல் வந்த வண்டி, எங்கள் கைக்கு வந்தது கொஞ்ச வருடம் கழித்து. அப்போது இங்கே அது எட்டாத விலை. அண்ணனும் நானும் தீபாவளிக் காசு, பிறந்தநாள் காசு எல்லாம் சேர்த்து வாங்கினோம். வேகத்துக்கு எலெக்ட்ரானிக் கன்ட்ரோலர் எல்லாம் கிடையாது. செர்வோ என்கிற சின்ன மோட்டார் ஒரு நெம்புகோலைத் தள்ளும், அது செப்புத் தகட்டின் மேல் உரசி மூன்று படியாக வேகத்தை மாற்றும். மிச்ச மின்சாரம் ரெசிஸ்டரில் சூடாகப் போகும். அந்தச் சூட்டு வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. கல்யாணச் செலவுக்காக அதை விற்றேன். 2004இல் தாமியா அதே வண்டியை மறுபடி வெளியிட்டபோது ஓடிப்போய் வாங்கினேன்.

பெட்டியில் அதே படம், அதே தொட்டி மாதிரிச் சேஸி, அதே கறுப்புப் பாடி. பூட்டும்போது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பூட்டி முடித்து அலமாரியில் வைத்ததும் மனசு சாதாரணமாகிவிட்டது. அண்ணனும் நானும் தரையில் உட்கார்ந்து ஸ்க்ரூ தேடிய இரவுகளைத்தான் நான் இத்தனை வருடமாகத் தேடியிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. அதை யாரும் திருப்பித் தர முடியாது, வாங்கியவரும்தான்.

பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகு மாப்பிள்ளை வீட்டுச் சமையலில் தலையிடக் கூடாது என்பார்கள். அது மாதிரிதான் இதுவும்.

டிங்கி பெரியவர் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

எனக்கு மாறான கருத்து. மரியாதையாகக் கேட்பதில் என்ன குற்றம்? இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

நான் ஆர்.சி. ஆள் இல்லை, டைகாஸ்ட், அதாவது உலோகத்தில் வார்த்த பொம்மை வண்டிகள் சேகரிப்பவன். இங்கே பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று. 1960களில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் இங்கிலாந்து டிங்கி கம்பெனியின் பொம்மை வண்டிகள் சில பாகங்களாக வந்து, தென்னாப்பிரிக்காவிலேயே பூட்டிப் பெயிண்ட் அடித்து விற்கப்பட்டன. இங்கிலாந்தில் இல்லாத நிறங்கள் அதனால் இங்கே உண்டு. உலகச் சந்தையில் அவற்றுக்கு இன்று பெரிய மதிப்பு. அப்படி ஒன்று என்னிடம் இருந்தது. அப்பா கிரே ஸ்ட்ரீட் பக்கத்துக் கடையில் வாங்கிக் கொடுத்தது. நாங்கள் அதன் அருமை தெரியாமல் மண்ணில் ஓட்டி விளையாடினோம். பிற்பாடு வெளிநாட்டுக்காரர் ஒருவருக்குக் கொடுத்தேன்.

அவருக்குக் கடிதம் எழுதினேன். வண்டியின் அடியில் நான் சின்ன வயதில் ஆணியால் கீறிய என் பெயரின் முதல் எழுத்து இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, அதை அழிக்கவே மாட்டேன் என்று படத்தோடு பதில் போட்டார். அந்தப் பதிலுக்குப் பிறகு எனக்கு ஒரு பாரம் இறங்கியது. கேட்காமல் இருந்திருந்தால் அந்த நிம்மதி கிடைத்திருக்காது.

இன்னொரு அனுபவமும் உண்டு. போருக்கு முந்திய டிங்கி லாரி ஒன்று விற்றேன். சில வருடம் கழித்து வாங்கியவர் படம் அனுப்பினார், உலோகம் முழுக்க வெடித்து, விரல் பட்டால் உதிர்கிற நிலை. அந்தக் காலத்துத் துத்தநாகக் கலவையில் ஈயம் கொஞ்சம் கலந்துவிட்டால் உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு போகும். வார்த்த அன்றைக்கே விதி எழுதியாகிவிட்டது. என் அலமாரியிலேயே இருந்திருந்தாலும் உதிர்ந்துதான் இருக்கும். வருத்தம்தான், ஆனால் அவர் மேலும் பழி இல்லை, என் மேலும் பழி இல்லை.

பட்டறைத் தம்பி (ஃபீனிக்ஸ்)

வாங்குகிறவன் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும், நான் சொல்கிறேன்.

மெரிபேங்கில் ஒரு ஐயாவிடம் தாமியா ஃப்ராக் ஒன்று வாங்கினேன். 1983இல் வந்த அசல், மறுவெளியீடு இல்லை. பணம் எண்ணிக் கொடுத்து வண்டியைத் தூக்கும்போது, கொஞ்சம் இரு என்று உள்ளே போனார். பழைய பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே ஒவ்வொரு ஸ்க்ரூவும் தனித்தனிப் பொட்டலம், ஒவ்வொன்றிலும் பென்சிலால் எழுத்து. பின்பக்க டிரைவ் ஷாஃப்ட், அதாவது சக்கரத்தைச் சுழற்றுகிற தண்டு, அந்த வண்டியின் பலவீனம், சக்தி அதிகமான மோட்டார் போட்டால் முனை தேய்ந்துவிடும். ஐயா மாற்று ஷாஃப்டே தேடி எடுத்து வைத்திருந்தார். "இத மட்டும் பாத்துக்கோப்பா" என்றார்.

அதற்கப்புறம் அவர் கூப்பிடுவார். வண்டி ஓடுகிறதா என்று கேட்பார். எனக்கு அது தொந்தரவாகத் தோன்றவே இல்லை. போன புனித வெள்ளிக்கு மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோயில் திருவிழாவில் எதிர்பாராமல் பார்த்தோம். என் பையனை அறிமுகப்படுத்தினேன், இவன்தான் இப்போது ஃப்ராக் ஓட்டுகிறான் என்றேன். அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டு என் பையனுக்கு டிஃபரன்ஷியல் கியரை எப்படிச் சுத்தம் செய்வது என்று சொல்லிக் கொடுத்தார்.

பெட்டியும் வண்டியும் காசுக்குக் கிடைக்கும். அதைப் பூட்டியவரின் அறிவு சும்மா கிடைக்காது. பேசுங்கள் மஞ்சள் அண்ணா. நல்ல பையனாக இருந்தால் சந்தோஷப்படுவான்.

வெருலம் அக்கா

ஹார்னெட் அண்ணா, ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுக்காதீர்கள். பெண்ணை உவமைக்கு இழுக்க வேண்டாம். பெண்ணை யாரும் விலைக்குக் கொடுப்பதில்லை, கட்டிக்கொடுத்த பெண் தானாக நடந்து அம்மா வீட்டுக்கு வருவாள். வண்டி வராது. அதனால்தான் மனசு இப்படி அடித்துக்கொள்கிறது.

எங்கள் அப்பா மேட்ச்பாக்ஸ் பொம்மை வண்டிகள் சேர்த்தார். அவர் காலமான பிறகு அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் செலவுக்காக நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்து மொத்தமாக விற்றோம். அது சரியான முடிவு, இன்றைக்கும் அதே முடிவுதான் எடுப்பேன். கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு மேசை மேல் அப்பாவின் பச்சை டபுள் டெக்கர் பஸ்ஸைப் பார்த்தேன். அப்பாவுடையதுதான் என்பதில் சந்தேகமே இல்லை. உடைந்த ஒரு சக்கரத்துக்குப் பதிலாக அவர் சட்டைப் பொத்தானைத் தேய்த்துப் பொருத்தியிருந்தார். கையில் எடுத்தேன். பொத்தானில் நாலு ஓட்டை அப்படியே இருந்தது.

வாங்கவில்லை. பக்கத்தில் ஒரு சின்னப் பையன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான், அவன் அப்பா விலை பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பொத்தானை யார் வைத்தது, ஏன் வைத்தார் என்று மட்டும் அந்தப் பையனுக்குச் சொன்னேன். அவன் அதைக் கேட்டுக்கொண்டு பஸ்ஸை வாங்கிப் போனான்.

அதனால் மஞ்சள் தம்பி, திருப்பிக் கேட்பதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். ஆனால் அது உங்கள் அப்பாவின் காரின் நிறம் என்பதை அந்தப் பையனுக்குச் சொல்லுங்கள். அவனுக்கு அது தெரிந்திருக்கிறதா? விற்கும்போது சொன்னீர்களா?

வெஸ்ட்வில் மாணவன்

இதற்கு ஒரு பெயரே உண்டு, உடைமை விளைவு என்கிறார்கள். 1990இல் வெளிவந்த ஒரு ஆய்வில் மாணவர்களில் பாதிப் பேருக்குக் காபிக் கோப்பை கொடுத்துவிட்டு, விற்கச் சொன்னால் என்ன விலை கேட்பீர்கள் என்றார்கள். வாங்குகிறவர்கள் தரத் தயாராக இருந்த விலையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டார்கள். கோப்பை கையில் வந்து சில நிமிடம்தான் ஆகியிருந்தது. 2012இல் இன்னொரு ஆய்வு, தானே பூட்டிய பொருளுக்கு மனிதர்கள் கூடுதல் மதிப்புக் கொடுக்கிறார்கள் என்று காட்டியது. ஆகவே அண்ணா அனுபவிப்பது எல்லாருக்கும் பொதுவான மனப்போக்கு, நாளாக ஆகக் குறையும்.

ஹார்னெட் அண்ணன் (லெனேசியா)

மாணவத் தம்பி, நல்ல தகவல். ஆனால் அந்தக் கோப்பைக் கதை இங்கே பாதிதான் பொருந்துகிறது. அது விற்பதற்கு முன்னால் வருகிற தயக்கத்தைப் பற்றியது. இவர் தயங்காமல் விற்றார், விலையிலும் திருப்தி. இன்னும் கூடக் காசு வந்திருக்க வேண்டும் என்று ஒரு வரிகூட எழுதவில்லையே. அந்த இரண்டாவது ஆய்வு கிட்ட வருகிறது, தானே பூட்டியது என்கிற பகுதி.

வெருலம் தங்கச்சி, உவமையை விட்டுவிடுகிறேன், நீங்கள் சொன்னது சரி.

இசிபிங்கோ ரயிலடி

நான் வேறு ஒரு பக்கம் சொல்கிறேன்.

நம்ம டர்பன் பக்கம் வந்த 2022 ஏப்ரல் வெள்ளம் உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். நானூறு பேருக்கு மேல் உயிர் போயிற்று. எங்கள் பக்கம் ப்ராஸ்பெக்டன் டொயோட்டா ஆலையே தண்ணீருக்குள் நின்றது, மாதக்கணக்கில் உற்பத்தி இல்லை, ஆயிரக்கணக்கான புத்தம்புது வண்டிகள் குப்பைக்குப் போயின. எங்கள் வீட்டிலும் தண்ணீர் ஜன்னல் வரை ஏறியது. உயிர் தப்பியதே அம்மன் அருள்.

என் மாடல்கள் எல்லாம் கீழ் அலமாரியில் இருந்தன. பெட்டிகள் கூழாகிவிட்டன, ஸ்டிக்கர் தாள்கள் போயின, மோட்டார்களில் சேறு. அதற்கு முந்திய வருடம்தான் ஒரு தாமியா கிராஸ்ஹாப்பர் வண்டியை மனசே இல்லாமல் கேப் டவுன்காரர் ஒருவருக்கு விற்றிருந்தேன். என்னிடம் இருந்த அத்தனையிலும் முழுசாகப் பிழைத்தது அது ஒன்றுதான். வெள்ளச் செய்தி பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டார், வேண்டுமானால் திருப்பி அனுப்புகிறேன் என்றார். வேண்டாம், உங்களிடமே இருக்கட்டும் என்றேன். எங்கேயோ ஒரு வீட்டில் உலர்ந்த அலமாரியில் அது நிற்கிறது என்ற எண்ணமே அந்த நாட்களில் எனக்குப் பெரிய தெம்பு.

சொந்தமாக இல்லாவிட்டாலும் இருந்தால் போதும் என்று நினைக்கிற அளவுக்கு எனக்கு அந்த வண்டி மேல் பிரியம் இருந்திருக்கிறது. அதை வெள்ளம் வந்து காட்டியது.

பட்டறைத் தம்பி (ஃபீனிக்ஸ்)

ரயிலடி அண்ணா, படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் ஓடவில்லை.

மஞ்சள் அண்ணா, இப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பெயிண்ட் உள்பக்கம், பின்னால் வெள்ளை. அப்படியானால் அந்தப் பையன் உள்ளே எத்தனை கறுப்பு அடித்தாலும் வெளியே மஞ்சள்தான் தெரியும். வெளிப்பக்கம் அடித்தால் முதல் ஓட்டத்திலேயே கீறல் விழும், உரியும். பழைய பெயிண்டைக் கரைத்து எடுக்கலாம் என்று யாராவது அசிட்டோன் யோசனை சொன்னால் பாடியே பால் மாதிரி வெளுத்து வெடிக்கும். நல்ல கறுப்பு வேண்டும் என்றால் அவனுக்குப் புது வெற்றுப் பாடிதான் வழி.

நீங்கள் ஒரு புது கிளியர் பாடி வாங்கிக் கொடுத்து, மஞ்சளைக் கேளுங்கள். அவனுக்கும் லாபம், கெஞ்சல் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் கத்தரிக்கோல் வைப்பதற்கு முன்னால் கேளுங்கள்.

டிங்கி பெரியவர் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

சபாஷ் தம்பி.

ஹார்னெட் அண்ணன் (லெனேசியா)

கேட்காதே என்று சொன்ன நானே இதை ஒப்புக்கொள்கிறேன். இது நியாயமான பண்டமாற்று. ஒன்று மட்டும்: அவன் மறுத்தால் அதோடு நிறுத்திவிடு. இரண்டாம் தடவை கேட்டால் அது நெருக்குதல்.

மஞ்சள் சிட்டி (சாட்ஸ்வொர்த், டர்பன்)

எல்லாருக்கும் நன்றி. வெருலம் அக்கா கேட்ட கேள்விக்கு முதலில் பதில்: இல்லை, அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. விற்பனை விளம்பரத்தில் சேஸி, மோட்டார், பேரிங் விவரம் எல்லாம் போட்டேன். நிறத்தைப் பற்றி மஞ்சள் என்று மட்டும்தான் போட்டேன். அப்போது அப்பா போய்க் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, அதை எழுத மனசு வரவில்லை.

நேற்று மாலை அவருக்குச் செய்தி அனுப்பினேன். அப்பாவின் கார், யார் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார், எல்லாம் எழுதினேன். கூடவே பட்டறைத் தம்பி சொன்ன யோசனையையும் வைத்தேன். கரண்ட் இல்லாத நேரம், இருட்டில் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கரண்ட் வருவதற்குள் பதில் வந்துவிட்டது.

பின் சக்கர வளைவு இரண்டையும் ஏற்கனவே வெட்டிவிட்டாராம். ரொம்ப வருத்தப்பட்டார். வெட்டியிருந்தாலும் பரவாயில்லை, அப்படியே வேண்டும் என்றேன். சரி என்றார். போஸ்ட்நெட் பார்சல் கவுண்டரில் போடுகிறேன், காசு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒன்று கேட்டார்: "அண்ணா, புதுப் பாடிக்கு நீங்களே பெயிண்ட் அடித்துத் தருவீர்களா? எனக்கு உள்பக்கம் அடிக்கத் தெரியாது. அகல வளைவுக்கு எவ்வளவு வெட்டுவது என்று மட்டும் நான் அளவு அனுப்புகிறேன்."

சரி என்று சொல்லிவிட்டேன். புது வீட்டில் கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு மடக்கு மேசை போட மனைவி சம்மதித்துவிட்டாள். பாடிக்கு ஆர்டரும் கொடுத்தாயிற்று.

இப்போது ஒரு தொழில்நுட்பச் சந்தேகம். அவர் முழுக் கறுப்பு கேட்கிறார், ஆனால் முன்பக்க கிரில்லைச் சுற்றி கோல்ஃப் ஜி.டி.ஐ. காரில் இருக்கிற மாதிரி மெல்லிய சிவப்புக் கோடு வேண்டுமாம். ஸ்டிக்கர் வேண்டாம், பெயிண்டிலேயே வேண்டும் என்கிறார். கறுப்புப் பாடியில் நான் இதுவரை கோடு அடித்ததில்லை. எந்த வரிசை?

பட்டறைத் தம்பி (ஃபீனிக்ஸ்)

முதலில் உள்பக்கம் முழுக்க மாஸ்கிங் ஒட்டி, கோட்டை மட்டும் புதுப் பிளேடால் கீறி உரித்துவிடுங்கள். அந்த இடைவெளியில் சிவப்பு, ரொம்ப மெல்லிசாக. காய்ந்ததும் அதே இடைவெளியில் பின்னால் வெள்ளை. வெள்ளையும் நன்றாகக் காய்ந்த பிறகு ஜன்னல் மாஸ்கைத் தவிர மற்றதை எல்லாம் உரித்துக் கறுப்பு. வெள்ளையை விட்டுவிட்டால் கறுப்பு ஊடுருவிச் சிவப்பு பழுப்பாகத் தெரியும்.

கோட்டு ஓரத்தில் கசியாமல் இருக்க, டேப்பின் ஓரத்தை நகத்தால் அழுத்தி, முதல் பூச்சைத் தூரத்திலிருந்து தூவல் மாதிரி விடுங்கள். ஈரமாக அடித்தால் கண்டிப்பாக உள்ளே ஓடும். டர்பன் ஈரக்காற்றில் ஒரு நாள் கூடக் காய விடுங்கள்.

வெருலம் அக்கா

மஞ்சள் வந்து சேர்ந்ததும் படம் போடுங்கள் தம்பி. கறுப்புப் படமும்.